தேத்தண்ணி நிறத்தில் ஒரு வாய்க்கால்

09.10.2024
பெரியகல்லாற்று மீனவர் கூட்டத்துக்குப் போய் வந்தேன். என் மில்லில் பழைய காட்போட் பெட்டிகளை ஊறவைத்து அட்டை செய்கிறோம். மிஞ்சும் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் வாவிக்குப் போகிறது. தைக்கு முன் நிறம் போகாவிட்டால் வாய்க்காலை மண்மூட்டை போட்டு அடைப்பார்களாம். பதினாறு பெண்களின் வேலை அதோடு சரி. இருந்தாலும் தவணை தந்தார்களே!

சீனித்தம்பி அண்ணன்தான் குத்தினார். "முதலாளி, அந்தத் தண்ணியில புடிச்ச இறால நீ திம்பியா?"

பத்து வருசமாக எங்கள் வீட்டுக்கு மீன் தந்த மனுசன். இனித் தரமாட்டாராம்.

28.10.2024
ஓசோன் மெசின் வந்தது. காற்றை மின்சாரத்தால் ஓசோனாக்கி, குமிழியாகத் தண்ணீருக்குள் விடும், நிறம் உடையும். பட்டியலில் காற்றை உலர்த்தும் பெட்டி என்று தனியாக ஒன்று. காற்றென்ன நெல்லா, காயப்போட? பேரம் பேசி அதை வெட்டிவிட்டேன்.

14.11.2024
மாரி இறங்கிவிட்டது. மெசின் உறுமுகிறது. தண்ணீர் அப்படியே.

15.11.2024
இன்றும் அதே நிறம். ஏமாந்துபோனனோ?

21.11.2024
நான் கூப்பிட்டுக் காத்தான்குடியிலிருந்து றுமானா வந்தாள், இரசாயனப் பொறியியல் படித்த பிள்ளை. மெசினைச் சுற்றிப் பார்த்தாள்.

"அங்கிள், காத்த உலத்துற பெட்டி எங்க?"

சொன்னேன். சிரித்துவிட்டாள்.

"வாவிக்கரைக் காத்து, அதுவும் மாரியில! ஈரக் காத்துல ஓசோன் பாதிகூட வராது."

"பேரம் பேசித்தானே மகள் இந்தளவுக்கு வந்தனான்."

"அப்ப மழையோடயும் பேசிப் பாருங்க."

கடதாசிக் கூழை முதலில் அடிய விடவும் சொன்னாள். இல்லாவிட்டால் ஓசோனை அதுவே தின்றுவிடுமாம். நேரில் நன்றி சொல்ல வெட்கம். இங்கே எழுதுகிறேன்: நன்றி, மகள்.

12.12.2024
வெட்டிய பெட்டியை நானே கேட்டு வாங்கி மெசினில் பூட்டி ஆறு நாள். தண்ணீர் இளநீர்போல வருகிறது! போத்தலில் எடுத்துக்கொண்டு ஓடினேன். சீனித்தம்பி அண்ணன் திரும்பியும் பார்க்கவில்லை.

"போத்தல் என்னத்தச் சொல்லும்? இறால் சொல்லட்டும்."

வாய்க்கால் வாயில் பத்து உயிர் இறாலைக் கூடையில் இறக்கிவிட்டுப் போனார்.

14.12.2024
கூடையைத் தூக்கி எண்ணினார். "ஒம்பது உசிரோட கிடக்கு. மத்தத நீ திண்டியா?"

மண்மூட்டைப் பேச்சே இல்லை. கடவுளே, போதும்.

03.01.2025
காலையில் படலையில் சைக்கிள் மணி. சீனித்தம்பி அண்ணன்.

"வாய்க்கால் வாயில வலைக்குப் பட்ட இறால். திம்பியா?"

சொன்ன விலைக்கே வாங்கினேன்.

"என்ன முதலாளி, பேரமில்லையா? காய்ச்சலா?"

மனைவி கேதீஸ்வரி தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சினாள். மறுசோறு கேட்டு உண்டேன்.