இங்கே பிரசவத்துக்கு வராதே

கள்ளக்குறிச்சி,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் இசைவாணிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் உயிரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம், இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், உன் அம்மா போனைப் பிடுங்கி வேறு கதை பேசுவாள், அதனால்தான் கடிதம். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், வளைகாப்பு முடிந்து நீ இங்கே வரவேண்டாம், நாகர்கோவிலிலேயே இரு.

கோபப்படாமல் மேலே படி. நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அரிசி ஆலையில் போன வருஷம் பெரிய பாய்லர் போட்டு உமியை எரிக்கிறார்கள், துணியில் விழும் சாம்பலைத் தட்டிவிட்டு நாமும் சும்மா இருந்தோம். ஆலை ஆலையாகப் போய்க் காற்றில் தூசி அளப்பதுதான் என் வேலை, ஆனால் சொந்த வீட்டில் அளக்க உனக்கு அறை ஒழிக்கும்போதுதான் தோன்றியது. ஆபீசில் கேட்டு மிஷினை எடுத்துவந்து மொட்டைமாடியில் ஒரு முழுநாள் ஓடவிட்டேன். தூசியைப் பிடிக்கும் வெள்ளைத் தாள் கரி தேய்த்ததுபோல் வந்தது, எடை போட்டால் அரசு வைத்த அளவுக்கு மூன்று மடங்கு. வழக்கமாக அளவு ஜாஸ்தியானால் ஆலைக்காரர்கள் மிஷின் கோளாறு என்பார்கள், நான் சண்டைக்குப் போவேன். அன்றைக்கு மிஷின் கோளாறாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு தாளை மாற்றி, குழாயைச் சோதித்து, மறுபடி ஓட்டினேன். அதே கருப்பு.

அம்மாவிடம் காட்டினால், ஊர்ல எல்லாரும் இங்கதான புள்ள பெத்துக்கினு இருக்காங்க, பொண்ணுக்கு ஒரு பிரசவம் பாக்க வக்கில்லன்னு பேசமாட்டாங்களா என்றாள். கண்ணுக்குத் தெரிகிற சாம்பல் மூக்கோடு நின்றுவிடும், தெரியாததுதான் நெஞ்சுக்குள் இறங்கி ரத்தத்தில் கலக்கும், வயிற்றுப் பிள்ளையைக்கூட விடாது என்றேன். தாளை வாங்கி விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, அப்ப நாம இத்தினி நாளா இன்னாத்த இழுத்துக்கினு இருந்தோம் என்று கேட்டாள். எதிர்வீட்டு மெகருன்னிசா அக்கா பேரனுக்கு வாராவாரம் மூச்சிளைப்பு வருகிறது.

கல்வராயன் மலையில் உனக்குப் பிரசவம்வரை தங்க வீடு பார்க்கலாம் என்று வெள்ளிமலைக்கும் மிஷினைத் தூக்கிப் போனேன். அங்கே வைத்த தாள் ஏறக்குறைய வெள்ளையாகவே வந்தது. ஆனால் திடீரென்று வலி கண்டால் அந்த வளைவுகளில் இறங்கி இங்கே ஆஸ்பத்திரிக்குத்தான் வரவேண்டும், அந்த யோசனையையும் விட்டேன். வளைகாப்புக்கு நாங்களே வருகிறோம், அம்மா பிரசவம்வரை உன்னோடு இருப்பாள். ஊர் பேசுவதை என்னிடம் விடு. நான் இங்கே திரும்பிவந்து கலெக்டர் ஆபீசுக்கு நடக்கிறேன், நாலு மனு கொடுத்தால் ஒன்றையாவது படிப்பார்கள்.

மாத்திரையை மறக்காதே, தலைசுற்றினால் வீம்பு பண்ணாமல் டாக்டரிடம் போ. நீயும் பிள்ளையும் நூறு வருஷம் நல்ல மூச்சு விட வேண்டும். இன்னும் ஒன்று. பிள்ளைக்கு விரிக்க அம்மா தன் பழைய நூல்புடவைகளைக் கிழித்துத் துவைத்துக் கொண்டு வருகிறாள். எல்லாம் நம் மொட்டைமாடியில் காய்ந்தவை. அவள் மனசு நோகாமல் வாங்கி வை. பிறகு தண்ணீர் தெளியும்வரை அலசி, உங்கள் ஊர் வெயிலில் காயப்போட்டு, அப்புறம்தான் பிள்ளையை அதில் கிடத்த வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
அறிவுச்செல்வன்