பதினோராம் நம்பர் எழுத்து

இன்று கடைக்கு வந்த கல்யாணப் பெண், எழுத்து வகைகளை நம்பர் போட்டு ஒட்டிய ஆல்பத்தைப் புரட்டி, நேராகப் பதினோராம் நம்பரில் விரலை வைத்தாள். வாலை நீட்டி, வளைந்து திரும்பி, தன்னையே சுற்றிக்கொள்ளும் அந்த ஆங்கில எழுத்து வகை. உன் எழுத்து.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கத்தில், கம்ப்யூட்டரில் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் இந்த டிடிபி கடையில் நாலு வருஷம் நீயும் நானும் அடுத்தடுத்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை, பெண் இருவரின் முதலெழுத்தையும் பின்னிப் பத்திரிகையின் அட்டையில் போடுவது உன் வேலை. நான் செய்தால் இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கும். "இன்னாடி, சண்ட போட்டுக்கினு நிக்குதுங்க" என்று மவுஸைப் பிடுங்குவாய். நீ தொட்டதும் ஒன்றின் வால் மற்றதன் கழுத்தை உரசியும் உரசாமலும் போகும்.

உனக்கு இதயத்தில் ஓட்டை என்பது கடையில் எனக்கு மட்டும்தான் தெரியும். பெண் பார்க்க வருபவர்களிடம் உன் அப்பா அதை மறைக்காமல் சொல்லிவிடுவார். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். மறுநாள் நீ வந்து யாருக்கோ பத்திரிகை அடிப்பாய். ஒரு மத்தியானம் உன் ஃபைல் ஒன்றைத் தெரியாமல் திறந்துவிட்டேன். பதினோராம் நம்பரில் உன் முதலெழுத்து மட்டும் இருந்தது. பக்கத்தில் காலி இடம். நீ கோபித்துக்கொள்ளவில்லை. "எடம் உட்டு வெச்சிக்கிறேன்டி. வர்றவன் பேரு எதுல ஆரம்பிச்சாலும் பொருந்தும்" என்றாய். சிரித்து வைத்தேன்.

மார்கழியில் ஒருநாள் காலை ரயிலில் நீ வரவில்லை. செய்திதான் வந்தது.

காரியப் பத்திரிகை அடிக்க உன் அப்பா இரும்பு மில் சட்டையோடு அப்படியே வந்தார். சாவுக்குத் தடித்த எழுத்து, சுழித்த எழுத்து கல்யாணத்துக்கு மட்டும் என்பதில் முதலாளி கறார் என்று உனக்குத் தெரியுமே. அடித்துக் காட்டியதை உன் அப்பா ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஊட்ல நோட்டு பூரா அவ எழுத்த சுழிச்சி சுழிச்சி போட்டுக்கினு இருப்பாம்மா. அத மட்டும் மேல போட முடியுமா?"

பின்னால் முதலாளி உட்கார்ந்திருந்தார். அவரை எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. அதைவிட, அந்த ஃபைலைத் திறந்து உன் பக்கத்துக் காலி இடத்தை உன் அப்பாவுக்குக் காட்டத் தைரியம் வரவில்லை.

"அந்த எழுத்து எங்ககிட்ட இல்லப்பா" என்றேன்.

"இல்லன்னா உடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்று அந்தப் பெண்ணிடமும் அதையேதான் சொன்னேன். ஆல்பத்தில் இருக்கிறதே என்றாள். பழைய ஆல்பம், கம்ப்யூட்டரில் அந்த எழுத்து அழிந்துபோய்விட்டது என்றேன். மூன்று வருஷமாகக் கேட்கிற எல்லோரிடமும் இதே பொய்தான். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. எழுத்து இருக்கிறது, ஃபைல் இருக்கிறது, நீ விட்டுவைத்த இடமும் அப்படியே இருக்கிறது. உன் அப்பாவுக்கு இல்லை என்று சொன்ன எழுத்தை இன்னொருத்திக்கு எடுத்துக் கொடுக்க எனக்குக் கை வரவில்லையடி.