ஏறிக்கொண்டே போன ஆயில்

ஜூலை 10, வியாழன்
விடியலிலிருந்து தூறல். துணி காயவில்லை. ஆறரைக்கு அப்பா வழக்கம்போல் கீழே போய் அண்ணாவின் காரை ஸ்டார்ட் செய்தார். இரண்டு நிமிடம். பிறகு ஒருமுறை உறுமவிட்டு, சட்டென அணைப்பு. ஆட்டோ ஓட்டுகிற பழக்கம். அண்ணா இறந்ததிலிருந்து தினமும் இதுதான். வெளியே எடுப்பதில்லை. எடுத்தால் சீட்டை முன்னால் நகர்த்த வேண்டும். அண்ணா உயரம்.

அந்த உறுமலைக் கேட்டு மாடி வீட்டு மேரி ஆன்ட்டி: "ப்ளேன் கிளம்பிடுச்சு, பால் வாங்கப் போலாம்."

அப்பா ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிக் காட்டினார். "பாரு பாப்பா, சொட்டு குறையல. ஏறிக்கிட்டேதான் இருக்கு." பெருமை.

டாஷ்போர்டில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு. அவர் அதைச் சொல்லவில்லை.

ஜூலை 11, வெள்ளி
வீட்டிலிருந்தே வேலை. அப்பா ஆட்டோவில் போனதும் சிவாஜிநகர் மெக்கானிக் ரஃபீக் பாய்க்கு போன். பேசுவதற்கு முன் மனதுக்குள் ஒத்திகை.

அண்ணா ஒப்பிப்பது ஞாபகம்: 999 சி.சி., மூன்று சிலிண்டர், டர்போ பெட்ரோல். "சின்ன இன்ஜின்னு நெனைக்காத. ஹைவேல விட்டுப் பாரு."

மதியம் வந்த பாய் ஆயில் கம்பியை முகர்ந்து என்னிடம் நீட்டினார். பெட்ரோல் வாடை.

"யாரும்மா ஓட்டுறது?"

"யாரும் இல்ல. அப்பா தினம் ஸ்டார்ட் மட்டும்..."

"அய்யோ. சூடே ஏறாம அணைச்சா பெட்ரோல் ஆயில்ல எறங்கும்மா. அதான் லெவல் ஏறுது. உறும விட்டு அணைச்சா டர்போ ஆயில் இல்லாம சுத்தும். ஸ்டார்ட் பண்ணா விசில் சத்தம் வருது பாரு."

ஆயிலை வடித்துப் புதிது ஊற்றினார். "இப்ப பொழைச்சுக்கும். வாரம் ஒருநா நல்லா தூரம் ஓட்டணும். இல்லன்னா தொடவே கூடாது. அப்பாகிட்ட நான் சொல்லவா?"

"வேணாம் பாய். நானே சொல்றேன்."

மாலை அப்பா வந்தார். நான் சொல்லவில்லை.

ஜூலை 12, சனி
மேகமூட்டம். அப்பா சாவியை எடுக்கும்போது சொல்லிவிட்டேன்.

"அப்போ நான்தான் கெடுத்தேனா?"

"இல்லப்பா. ஆயில் மாத்தியாச்சு."

சாவி மறுபடி ஆணியில். ஆட்டோவுக்கும் போகவில்லை. சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடி: "அந்தச் சத்தம் கேட்டா அவன் ஆபீஸ் கெளம்புற மாதிரியே இருக்கும் பாப்பா."

ரசம் ஆறிவிட்டது.

ஜூலை 13, ஞாயிறு
வெயில். ஆறரைக்குச் சத்தமில்லை. படியில் மேரி ஆன்ட்டி: "என்ன, ப்ளேன் கேன்சலா?" என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கீழே காரில் அப்பா. இடப்பக்க சீட்டில், பெல்ட் போட்டு. மடியில் எல் போர்டு. அண்ணா எனக்காக வாங்கியது. ஓட்டிப் பழகுவதற்கான எல்.எல்.ஆர். லைசென்ஸ் எடுக்கவைத்ததும் அவன்தான்.

"சர்ச் கூட்டம் வர்றதுக்குள்ள போயிடலாம். ஏறு."

ஏறினேன். கால் பெடலுக்கு எட்டவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"சீட்டை முன்னாடி இழுத்துக்கோ. கீழ கம்பி இருக்கு." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இழுத்தேன்.