மூடிய கைக்கு ஒரு கிலுகிலுப்பை

அம்மாவுக்கு வணக்கம்.

நான் நலம். உன் முட்டிவலி தேவலையா?

பாப்பாவுக்குக் கை கால் இறுகிப்போகும் பெருமூளை வாதம் வரலாம் என்றுதான் டாக்டர் சொன்னார்; வந்துவிட்டது என்று சொல்லவில்லை. உன் மருமகளுக்கு இரத்த அழுத்தம் ஏறியதால் குழந்தையைக் குறைமாதத்திலேயே எடுத்தார்கள். அதற்கு அவள் என்ன செய்வாள்? மாடிப்படி ஏறியதால்தான் என்று பெரியம்மா இனி வாயைத் திறந்தால், நானே போன் போட்டுக் கேட்பேன்.

நேற்று பட்டறையில் கிலுகிலுப்பைக்கு மரக் கைப்பிடி கடைய ஆரம்பித்தேன்.

"யார் ஆர்டர்டா இது?" என்றார் ஃபோர்மேன்.

"என் பொண்ணோடது சார்."

"அளவு எங்க?"

எனக்குத் தெரியவில்லை. மெஷினை நிறுத்திவிட்டேன்.

மணி அடித்துவிட்டது, ஓடவேண்டும். பாப்பாவின் கையைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு. விரல் விரியாவிட்டால் இழுக்காதே. மூடிய கையையே வரை. அதற்குத் தகுந்தாற்போல் கடைந்து அனுப்புகிறேன்.

உன் மகன்