வாசற்படியில் ஒரு வட்டம்

பென்சில் தேடிக் கைப்பைக்குள் கையை விட்டேன். விரலில் வெள்ளைத்தூள் ஒட்டியது. கிழிந்த உள்துணிக்கு அடியில், கரும்பலகையில் எழுதுகிற வெண்கட்டி ஒரு துண்டு. உன்னுடையதுதான். உன் சாமான்களை என் பையில் திணிப்பது உன் வழக்கம்; பூண்டுலோயா பஸ்ஸில் தின்று மிச்சமான கடலைச் சுருளைக்கூட விட்டுவைக்க மாட்டாய். நீ கண்ணை மூடி ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. இந்தத் துண்டு மட்டும் ஹட்டனுக்கும் கொழும்புக்குமாக என்னோடு அலைந்துகொண்டிருந்திருக்கிறது.

மேசையில் நம் புத்தகத்தின் கடைசி அச்சுப்படி கிடக்கிறது. தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடங்களின் வரலாறு. எத்தனை வருடம் இழுத்தடித்தோம்! "அகர வரிசையில பேர போட்டுடு டீச்சர், நமக்குள்ள எதுக்குச் சண்டை" என்று பெருந்தன்மையாகச் சொன்னாயே, நினைவிருக்கிறதா? அகர வரிசையிலும் நீதான் முதலில் வருகிறாய். அது தெரிந்துதான் சொன்னாய், கள்ளி.

ஒரே பாடசாலையில் படிப்பிக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஒருவரையொருவர் "டீச்சர்" என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். பிறகு நான் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பழைய கோப்புகளோடு குடித்தனம் நடத்தினேன். நீ மலையிலேயே இருந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் லயம் லயமாக ஏறி இறங்கி, அந்தக் காலத்தில் படித்தவர்களிடம் கதை கேட்டாய். பள்ளிப் பரிசோதகர்களின் அறிக்கைகளைப் பிரதி எடுத்து வந்து நான் பெருமையடித்தால், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பாய். "நீ ஃபைல நம்பு. நான் ஆள நம்புறேன். ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா ஒரு டீ குடிப்போம்." ஒத்துப்போகாத நாட்களில்தான் நாம் அதிகம் டீ குடித்தோம்.

நீ படித்த அந்த ஒற்றை அறைப் பள்ளிக்கூடத்துக்கு என்னைக் கூட்டிப்போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்போது அது தோட்டத்து உரமூட்டை வைக்கிற இடமாகிவிட்டிருந்தது. உள்ளே கால் வைத்ததும் நாற்றத்தில் எனக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. நீயோ மூட்டைகளை ஓரங்கட்ட வைத்து, தரையைக் கூட்டி, அங்கே படித்தவர்களென்று நீ வரவழைத்திருந்த பெரியவர்களிடம் ஒன்றே ஒன்று சொன்னாய்: "கேள்வி ஒண்ணும் கேக்கப் போறதில்ல. அந்த நாள்ல உட்கார்ந்த எடத்துல போய் உட்காருங்க."

இது என்ன ஆராய்ச்சி என்று நான் மனதுக்குள் சலித்துக்கொண்டேன். எல்லோரும் சிரித்தார்கள், ஒருவரையொருவர் தள்ளிவிட்டார்கள், பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்கள். தனக்கு ஒன்றும் ஞாபகமில்லை என்று வழியெல்லாம் சொல்லி வந்த தாத்தா ஒருவர், உட்கார்ந்ததும் தானாகவே இடப்பக்கம் நகர்ந்தார். "இந்த எடத்துல ஒழுகுமுங்க" என்றார். மேலே பார்த்தோம். தகரத்தில் பழைய ஒட்டு இருந்தது. அதற்குப் பிறகு பேச்சை நிறுத்துவதுதான் பெரும்பாடாகிவிட்டது. மேசைக்குப் பக்கத்தில் பெரிய கங்காணி வீட்டுப் பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் மேல் லயம், சுவரோரம் கீழ் லயம். எல்லாப் பிள்ளைகளும் சாதி பாராமல் ஒன்றாய் அமர்ந்து படித்ததாகத்தான் நான் பிரதி எடுத்த அறிக்கைகளில் இருந்தது. யார் எங்கே அமர்ந்தார்கள் என்பதை அவற்றை எழுதியவர்கள் யாரும் கேட்டிருக்கவில்லை.

ஒவ்வொருவரைச் சுற்றியும் நீ வெண்கட்டியால் ஒரு வட்டம் போட்டாய். அதைப் பார்த்து நான் தாளில் வரைந்தேன். பெயர் எழுதப் போன என் கையைத் தட்டிவிட்டாய். "பேரெல்லாம் வேணாம் டீச்சர். எடம் போதும். நாளைக்கு அவங்க பேரப்புள்ளைங்க படிப்பாங்க."

"நீ எங்க உட்கார்ந்த?" என்று கேட்டேன்.

"நானா? ஒரு எடத்துல இருந்தேனா என்ன, ஓடிக்கிட்டே இருந்தவ" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, கையிலிருந்த மிச்ச வெண்கட்டியை என் பைக்குள் போட்டாய்.

அந்தத் துண்டுதான் இது.

இனிமேல்தான் உனக்குத் தெரியாத கதை. நீ போன பிறகு வெளியீட்டுக் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. புத்தகம் நன்றாக இருக்கிறதாம். அந்த வரைபடத்தை மட்டும் எடுத்துவிட வேண்டுமாம். ஆவணச் சான்று இல்லை, வீண் மனக்கசப்பு வரும், நீக்கினால் உடனே அச்சுக்குப் போகலாம் என்று எழுதியிருந்தார்கள். நியாயமாகப் பார்த்தால் நான் எழுதியிருக்க வேண்டிய கடிதம் அது. வாழ்நாள் முழுக்கச் சான்று எங்கே, சான்று எங்கே என்று உன் உயிரை எடுத்தவள் நான்தானே. ஆனால் அந்தப் படம் போய்விட்டால் புத்தகத்தில் நீ இருக்க மாட்டாய். அட்டையில் பெயர் மட்டும்தான் இருக்கும்.

எதற்கும் இன்னொரு தடவை சரிபார்த்துவிடுவோம் என்று தோட்டத்துக்குப் போனேன். உன்னோடு படித்த அந்தோனியம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்த அறைக்குள் நுழைந்தேன். நீ வட்டம் போட்ட அன்றைக்குப் பேத்தி கல்யாணத்துக்காக நோட்டன் பிரிட்ஜ் போயிருந்ததால், அவர் படத்தைப் பார்த்ததே இல்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் சரிதாங்க. டீச்சரோட எடத்த மட்டும் போடலயே."

"எந்த டீச்சர்?"

"நம்ம டீச்சருதான், வேற யாரு?" என்றவர், அறையைக் கடந்து கதவுக்கு வெளியே போய், கல் படியைக் காட்டினார். "இங்க. அவங்க அப்பாவுக்கு வாசக்கூட்டி வேல. லயத்து வாசல், சாக்கடக் கானு எல்லாம் கூட்டுறவரு. அந்தப் புள்ளைங்கள உள்ள உட்கார விடமாட்டாங்க. மழ பேஞ்சா சாரல் அடிக்கும், சிலேட்ட பாவாடைக்குள்ள மறைச்சுக்குவாங்க. வாத்தியார் சொல்றது காதுல விழாதுங்க. நான் இப்படித் திரும்பி வாய அசைச்சுக் காட்டுவேன்."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"வாத்தியார் நல்ல மனுசன்தாங்க, ஆனா பெரிய கங்காணிக்குப் பயம்" என்று அவர் தொடர்ந்தார். "அப்புறம் புதுசா ஒரு வாத்தியார் வந்தாரு. மொத நாளே, வெளிய யாரும் இருக்கீங்களா, உள்ள வாங்கன்னாரு. அதுக்கப்புறந்தான் அவங்க உள்ள வந்தாங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் உன்மேல் கோபம் கோபமாக வந்தது. என்னிடம்கூடச் சொல்ல முடியவில்லையா உனக்கு? நானுஓயா ஸ்டேஷனிலிருந்து வேனில் ஏறினால் கதவோர இருக்கைக்குத்தான் போவாய். கூட்டங்களிலும் கடைசி நாற்காலிதான். "இறங்குறது லேசு டீச்சர்" என்பாய். உனக்கு எப்போதும் ஓட்டம்தான் என்று நானும் கேலி செய்வேன். நீ கேலிக்குச் சிரித்துக்கொண்டு, என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாய். அதை நினைத்ததும் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. வேனில் எல்லோரும் பார்க்க அழுதேன்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. நீ மறைத்ததை நான் போடலாமா? போடாமல் விட்டால், அந்தக் கதவை மறுபடி சாத்துவது நானல்லவா? நாள்கணக்காக உன்னோடு வாதாடினேன். கடைசியில் நீ என் கையைத் தட்டிவிட்டுச் சொன்னதுதான் வழிவிட்டது. பெயர் வேண்டாம், இடம் போதும்.

நம் படம் சுவரோடு முடிந்துவிடுகிறது, கவனித்தாயா? கோட்டைக் கதவுக்கு வெளியே நீட்டிப் படியை வரைந்தேன். படியில் ஒரு வட்டம் போட்டேன். உள்ளே இருப்பவை எவ்வளவு பெரியவையோ அதே அளவு. படத்தோடு கொழும்புக்குப் போனேன். அறிக்கை எழுதியவர் மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்த்ததை எழுதினார், இது படியிலிருந்து பார்த்தது, இதுவும் சான்றுதான் என்றேன். படம் இல்லையென்றால் புத்தகமும் வேண்டாம் என்றேன். என் குரல் இவ்வளவு உரக்க வரும் என்று எனக்கே தெரியாது. அவர்கள் கொஞ்ச நேரம் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். எந்த முறையில் தகவல் திரட்டினோம் என்று ஓர் அடிக்குறிப்புச் சேர்த்தால் போதும் என்றார்கள். அந்தக் குறிப்பு இப்போது ஒரு பக்கத்துக்குப் போகிறது. அடிக்குறிப்பு என்றால் உனக்குப் பிடிக்காது, இதைப் பொறுத்துக்கொள்.

இன்று அந்தப் பக்கத்தைத் திருத்தி முடித்தேன். உன் பெயரை அந்த வட்டத்தின் பக்கத்தில் எழுதவில்லை. இந்த மடலிலும் எழுதவில்லை.

வகுப்புத் தொடங்கும் முன் நீ வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வருவாயே. பிள்ளைகள் எல்லாம் உள்ளே இருக்கும்போது யாரைத் தேடுகிறாய் என்று எனக்கு விளங்கியதே இல்லை. போன சனிக்கிழமை மாணவர்களிடம் தோட்டப் பள்ளிகளைப் பற்றிப் பேசப் போயிருந்தேன். அறை நிறைந்திருந்தது. ஒலிவாங்கியைக் கையில் வாங்கிக்கொண்டு, பேச வாய் திறந்தவள், அதை மேசையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன்.

"வெளிய யாரும் இருக்கீங்களா? உள்ள வாங்க."

குடையை மடக்கிக்கொண்டு ஒரு பிள்ளை உள்ளே வந்தாள்.