அழுக்கான வெள்ளை பெல்ட்

கோச்சடை,
8-11-1936

பிரியமுள்ள விக்டோரியாவுக்கு,

கர்த்தர் கிருபையால் இருக்கிறேன். என்னை விட்டு நீ திருமங்கலம் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போய் மூன்று வருஷமாகிறது. ஒரு கார்டு போட உனக்கு மனம் வரவில்லை. இருக்கட்டும்.

பென்ஷன் வாங்கியபின் பொழுது போகாமல், ஒரு துரைக்காக ஈயச் சிப்பாய் பொம்மைகளுக்கு வர்ணம் பூசுகிறேன். அந்தக் காலத்துக் கம்பெனிப் பட்டாளம்; சுண்டுவிரல் உயரம். நான் பூசிய பெல்ட் மட்டும் கடையில் அன்றைக்கு வாங்கியது மாதிரி இருக்கிறதாம் துரைக்கு. சண்டைக்குப் போனவன் பெல்ட் இப்படியா இருக்கும் என்கிறார். போலீஸ் பேண்டு வாத்தியத்தில் டிரம் அடித்து இருபது வருஷம் வெள்ளை பெல்ட் கட்டினேன். அதை அழுக்காகப் பார்த்த ஞாபகமே இல்லை. ஆணியிலிருந்து எடுக்கும்போதெல்லாம் வெள்ளையாகவே இருந்தது. நீதானே வெள்ளை பூசி மாட்டுவாய்? அழுக்கானால் எப்படி இருக்கும், எழுது.

யேசுதாஸ்

திருமங்கலம்,
15-11-1936

அத்தானுக்கு ஸ்தோத்திரம்.

நீங்களும் கார்டு போடவில்லை. பெல்ட்டைப் பற்றியாவது கேட்டீர்களே, சந்தோஷம்.

முழுவதையும் அழுக்காக்கிவிடாதீர்கள். வயிறு மடிகிற இடத்தில்தான் வெள்ளை வெடிக்கும். வெடிப்பில் தோல் டீத்தண்ணி நிறத்தில் தெரியும். மயிரிழையாக இழுங்கள், கறுப்பு வேண்டாம். பித்தளை பக்கிளைச் சுற்றிப் பச்சைக் கறை இருக்கும். ஓரங்களில் வெள்ளை நிற்காது. முதுகுப் பக்கம் வியர்வை ஊறி மஞ்சளாகும். சனிக்கிழமைதோறும் வெள்ளைக் கட்டியைக் குழைத்துப் பூசி என் விரல்களும் வெடித்துத்தான் கிடந்தன. அதையும் நீங்கள் பார்த்ததில்லை.

விக்டோரியா

கோச்சடை,
6-12-1936

பிரியமுள்ள விக்டோரியாவுக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். துரை பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உனக்கென்று ஒரு சிப்பாய் பூசி, பஸ் ஓட்டுகிற மருதுவிடம் கொடுத்திருக்கிறேன். "டீச்சரம்மா கையிலயே குடுத்துட்டு வாரேண்ணே" என்றான்.

வீட்டில் பேச ஆளில்லை. பொம்மைகளோடு பேசிப் பார்க்கிறேன். முதலில் சிரிப்பு வந்தது, இப்போது அதுவும் வருவதில்லை. தனியாக இருக்க முடியவில்லை, விக்டோரியா. கிறிஸ்மஸ் லீவுக்கு வந்து இங்கேயே இருந்துவிடேன். பண்டிகைக்குக் கோயிலில் டிரம் அடிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். என் பெல்ட் பெட்டிக்குள் மஞ்சளடித்துக் கிடக்கிறது. நீ வந்துதான் அதற்கு ஒரு வழி பண்ண வேண்டும்.

உன் யேசுதாஸ்

திருமங்கலம்,
13-12-1936

அத்தானுக்கு ஸ்தோத்திரம்.

பொம்மை வந்தது. பெல்ட் அப்படியே இருக்கிறது. என்னை அறியாமல் விரலை வைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

உங்கள் கடிதத்தைப் படிக்கும்போதே அழுகை வந்தது. போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். கடைசி வரிக்கு வந்ததும் அந்த நினைப்பை விட்டுவிட்டேன்.

வெள்ளைக் கட்டியைத் தோசைமாவுப் பதத்துக்குக் குழையுங்கள். பழைய வெள்ளையை ஈரத்துணியால் எடுத்துவிட்டு, மெல்லிசாக இரண்டு தடவை பூசி நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் உதிர்ந்துவிடும். சுண்டுவிரல் பொம்மைக்கே பூசிய கை, உங்களுக்கு வரும்.

நான் வரவில்லை. சிப்பாய் என் மேஜைமேல் நிற்கிறான். அவன் பெல்ட்டை நான் வெள்ளையாக்க வேண்டியதில்லை.

விக்டோரியா