முப்பத்தேழாம் விதி

ஜூன் 17, செவ்வாய், காலை 10.40. உன் நோட்டில் விளையாட்டு விதிகள் மொத்தம் 61. அறுபது அப்படியே இருக்கின்றன. முப்பத்தேழை மட்டும் கோடு போட்டு அடித்திருக்கிறாய்.

நோட்டை உன் தங்கை போர்ட் பிளேரிலிருந்து திக்லிபூர் பஸ்ஸில் கொடுத்து அனுப்பினாள். கூடவே கட்டம் போட்ட அட்டை, நாம் காய்களாக வைத்திருந்த பாட்டில் மூடிகள். எல்லாவற்றிலும் உன் வலித் தைல வாசனை. "அண்ணே, இதுல எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல. உங்ககிட்ட குடுக்கச் சொல்லியிருந்தாரு," என்றாள் போனில். நீ இறந்துபோய் மூன்று மாதம். அடித்த கோடு நடுங்கி நடுங்கிப் போகிறது. அதை இழுக்க அந்தக் கைக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அது உன்னுடைய விதி. அதற்காக என்னோடு மூன்று வருடம் சண்டை போட்டவன் நீ.

பாலிடெக்னிக்கில் படித்தபோது நெட் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. அதனால் நாமே ஒரு போர் விளையாட்டைச் செய்தோம். கட்டம் கட்டமாக நகரும் வீரர்கள். ஒவ்வொருவருக்கும் பலம் ஒரு எண், மந்திரம் ஒரு எண். சாதா வாளின் அடி பலத்தைப் பொறுத்தது. நெருப்பு வாளின் அடி எதைப் பொறுத்தது? மந்திரத்தை என்று நீ எழுதியதுதான் முப்பத்தேழு. வாளைத் தூக்கவே பலம் வேண்டும் என்றேன் நான்.

லீவு முடிந்து திக்லிபூரிலிருந்து போர்ட் பிளேருக்குச் சேர்ந்து திரும்பிய அந்த பஸ் ஞாபகம் இருக்கிறது. போலீஸ் துணையோடு காட்டைக் கடக்கும் கான்வாய் கிளம்பும்வரை எல்லா வண்டிகளும் வரிசையில் நின்றன. நம் சண்டை மட்டும் நிற்கவில்லை.

"மச்சான், என் மந்திரக்காரிக்கு பலம் மூணு, மந்திரம் பதினாலு. உன் கணக்குல அவ நெருப்பு வாள எடுத்தா கொசு கூட சாகாது."

"அப்ப எடுக்க வேணாம். வாள்வீரன் எதுக்கு இருக்கான்?"

"அரே, வாள் எடுத்தா எதிரி பக்கத்துல போய் நிக்கணும். ஒரு அடி தாங்க மாட்டா. அந்த ரிஸ்க் போதாதா?"

"ரெண்டு கட்டம் தள்ளி நின்னும் அடிக்கலாம்னு எழுதியிருக்கியே. அதுக்குப் பேரு வாளா, வில்லா?"

கீழே இறங்கி நின்று கத்திக்கொண்டிருந்தோம். "ஓ தல்வார்வாலா, சலோ!" என்று கண்டக்டர் கூப்பிட்ட பிறகுதான் ஏறினோம். அதற்குப் பிறகு அந்த பஸ்ஸில் நமக்கு அதுதான் பெயர். வாள்காரர்கள்.

உன் கை சோர ஆரம்பிப்பதற்கு இரண்டு வருடம் முன்பே நீ எழுதிய விதி அது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் தப்பு செய்தேன்.

மெயின்லேண்ட் போய்க் காட்டிவிட்டு வந்தாய். தசை நோய், குணமாகாது என்றார்கள். உங்கள் டெலானிபூர் குவார்ட்டர்ஸுக்கு உன்னைப் பார்க்க வந்தேன். உன் உம்மா டீ வைத்துவிட்டுப் போனார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தாய். என்னால் பார்க்க முடியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"முப்பத்தேழு... நீ சொன்னபடியே வச்சுக்கலாம்."

"மூணு வருஷமா மாட்டேன்னவன், இன்னிக்கு என்ன? ஆஸ்பத்திரி காகிதத்தப் படிச்சியா?"

"இல்ல, யோசிச்சேன்."

"சரி, கணக்கக் காட்டு."

என்னிடம் கணக்கு இல்லை.

"என் கை வேற, மந்திரக்காரி வாள் வேற," என்றாய். "ஜகடா, சண்ட போட வர்றதா இருந்தா வா. ஆப்பிள் வாங்கிட்டு வர எனக்குச் சொந்தக்காரங்க இருக்காங்க."

அதற்குப் பிறகு இரண்டு தடவை வந்தேன். மழையைப் பற்றிப் பேசினேன், கப்பல் டிக்கெட் கிடைக்காததைப் பற்றிப் பேசினேன். இரண்டு தடவையும் ஆப்பிள் வாங்கி வந்தேன். நீ நோட்டை எடுக்கவே இல்லை. மூன்றாவது தடவை வந்தபோது வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன.

இப்போது மணி மூன்று. இரண்டு பக்கமும் நானே இருந்து ஏழு ஆட்டம் ஆடிவிட்டேன். மந்திரக்காரி எதிரியின் பக்கத்துக் கட்டத்தில் நின்று அடித்தது நான்கு ஆட்டம். அதில் மூன்றில் செத்துப் போனாள். அந்த ரிஸ்க் போதும். நீ சொன்னது சரி. தள்ளி நின்று அடித்தது மூன்று ஆட்டம். மூன்றிலும் அவளை யாரும் தொடக்கூட முடியவில்லை. அதில் நீ சொன்னது தப்பு.

இவ்வளவுதான் வேலை. உன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மத்தியானம் உட்கார்ந்திருந்தால் முடிந்திருக்கும். நீ கேட்டது அது ஒன்றுதான்.

இனி செய்யப் போவது:

1. முப்பத்தேழு நீ அடித்தபடியே இருக்கும். நான் பரிதாபப்பட்டு ஒத்துக்கொண்டது செல்லாது.

2. அடுத்த பக்கத்தில் புதிதாக எழுதுவேன்: நெருப்பு வாளுக்குப் பக்கத்துக் கட்டத்தில் மந்திரம், தள்ளி நின்றால் பலம்.

3. அதன் கீழே ஏழு ஆட்டத்தின் கணக்கையும் காட்டுவேன்.

4. நீ இதை ஒத்துக்கொள்ள மாட்டாய். என்ன சொல்லி மறுத்திருப்பாய் என்று நானாக எதையும் எழுத மாட்டேன். எதிர்ப்பக்கம் உன்னுடையது. அதைக் காலியாகவே விட்டுவிடுவேன்.